கைகள் எழுதிய வரலாறு – 17: பெத்லகேமின் சிப்பிப் பட்டறைகள்

1808 அக்டோபரில் ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோயில் தீப்பிடித்தது. இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் கல்லறைக்கு மேலிருந்த வட்ட மண்டபத்தின் கூரை எரிந்து உள்ளே விழுந்தது. அடியில் இருந்த சிறு கல்லறை மண்டபத்தின் வெளிப்புறம் சிதைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1810-க்குள், கிரேக்கக் கட்டடக் கலைஞர் நிக்கோலவோஸ் கொம்னெனோஸ் மேற்பார்வையில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் எழுந்தது பழைய உருவம் அல்ல. இன்று ஜெருசலேமுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று நுழையும் கல்லறை மண்டபம் அந்தச் சீரமைப்பில் கட்டியது. சிலுவைப்போர்க் காலத்து ஆட்சியாளர்களான காட்ஃப்ரி, பால்ட்வின் ஆகியோரின் கல்லறைகளும் அந்த ஆண்டுகளோடு மறைந்தன.

தீக்கு முந்தைய கோயில் எப்படி இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு ஓவியங்கள் இருக்கின்றன, பயணிகளின் குறிப்புகள் இருக்கின்றன. கையால் திறந்து பார்க்கக்கூடிய சான்றும் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், புனித யோவான் சபையின் அருங்காட்சியகத்திலும், ஐரோப்பாவின் வேறு பல நகரங்களிலும் ஒலிவ மரத்தில் செய்த சிறு கோயில்கள் உண்டு. முகப்பு முழுவதும் முத்துச்சிப்பி ஓட்டாலும் எலும்பாலும் இழைத்தவை. கூரையைத் தனியே கழற்றலாம். குவிமாடத்தைத் தூக்கினால் உள்ளே கல்லறை மண்டபம் தெரியும். அதையும் வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். மணிக்கூண்டு தனித் துண்டு, சிற்றாலயங்கள் தனித்தனித் துண்டுகள். உள்ளே முக்கியமான இடங்களுக்கு எண்களும் பொறித்திருப்பார்கள். எந்த எண் எந்த இடம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து போக முடியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடியே கல்வாரி வரை போய்வரலாம்.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இவற்றைச் செய்தவர்கள் ஜெருசலேம்காரர்கள் அல்ல, பெத்லகேமின் பட்டறைக்காரர்கள். சென்ற இதழில் நாம் பார்த்த ஹெப்ரோனின் கண்ணாடி உலைகளை விட்டு வடக்கே போகும் சாலையில், ஜெருசலேமை எட்டுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது. மலைமுகட்டில் சிறிய ஊர். கடலுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. இருந்தும் நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஊருக்குச் சோறு போட்டது கடற்சிப்பி.

இதன் தொடக்கத்தைப் பற்றிப் பெரும்பாலான நூல்கள் சொல்லும் கதை சுருக்கமானது. பிரான்சிஸ்கன் துறவிகள் இத்தாலியிலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்து உள்ளூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பார்கள். இந்தக் கதையில் உண்மை இருக்கிறது. 1342-இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட், புனித இடங்களின் காவலை முறைப்படி பிரான்சிஸ்கன் சபையிடம் ஒப்படைத்தார். 1347 முதல் பெத்லகேமில் அவர்களுக்கு இருப்பிடம் உண்டு. வெனிஸிலிருந்து கப்பலேறி யாஃபாவில் இறங்கும் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டியவர்களும், தங்க இடம் கொடுத்தவர்களும், எங்கே என்ன செபம் சொல்ல வேண்டும் என்று சொன்னவர்களும் அவர்களே. 1480-களில் வந்த ஜெர்மானியத் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி, யாத்திரிகர்கள் ஊருக்குள் நுழையும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டிய விதிகளை எழுதி வைத்திருக்கிறார். புனித இடங்களின் கல்லைப் பெயர்த்து எடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. விதி எழுத வேண்டிய அளவுக்கு ஆட்கள் பெயர்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! மாதக்கணக்கில் கடல் பயணம் செய்து, உயிரைப் பணயம் வைத்து வந்தவருக்கு வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. பெயர்த்த கல்லுக்குப் பதிலாக அந்த மண்ணிலேயே செய்த ஒரு சிலுவை, ஒரு செபமாலை, ஒரு பாடுபட்ட சுரூபம் கிடைத்தால் வாங்கிக்கொள்வார். தேவை அப்படித்தான் பிறந்தது.

ஆனால் "இத்தாலியர்கள் கற்றுக்கொடுத்தார்கள்" என்பதோடு கதையை முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. அந்தக் கோயில் மாதிரிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே போதும். உருவம் கிறிஸ்தவக் கோயில், பொறித்திருப்பது ஐந்து சிலுவைகள் கொண்ட ஜெருசலேம் சிலுவை, எழுத்து லத்தீன். ஆனால் அவற்றைச் சுற்றி நிரப்பியிருக்கும் கோலம்? எண்முனை நட்சத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்று பூட்டிய கோணங்கள், வெள்ளை ஓடும் கருமரமும் மாறிமாறி வரும் கட்டங்கள். இவை டமாஸ்கஸின் பெட்டிகளிலும் கெய்ரோவின் மசூதிப் பிரசங்க மேடைகளிலும் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தவை. மரத்தில் சிப்பி இழைக்கும் கலை சிரியாவிலும் எகிப்திலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. துறவிகள் கொண்டுவந்தவை வேறு. எந்தப் பொருளுக்கு ஐரோப்பாவில் விலை உண்டு என்ற அறிவு, எந்தப் புனிதரை எப்படி வரைவது என்ற மாதிரி, செய்ததை வாங்கிக் கப்பலேற்றும் ஏற்பாடு. வேலை செய்த கைக்கும் அந்தக் கைக்குள் இருந்த கோலத்துக்கும் உரியவர்கள் இந்த நிலத்தின் அரபு மக்கள். இந்தப் பங்கு பிரிவினையை வரலாறு ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், ஒரு மக்களின் கலை வந்தவர்கள் போட்ட பிச்சை போல ஆகிவிடும்.

பெத்லகேமின் பழைய ஊர் ஏழு பகுதிகளாகப் பிரிந்தது. அதில் ஒன்று தராஜ்மே, மொழிபெயர்ப்பாளர்களின் குடியிருப்பு. துறவிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் துணையாக நின்று அரபியை இத்தாலியத்திலும் இத்தாலியத்தை அரபியிலும் சொல்லிப் பிழைத்த குடும்பங்கள் அவை. இத்தாலிய மொழி தெரிந்ததால் பேரம் பேசத் தெரிந்தது. பேரம் பேசத் தெரிந்ததால் வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தது. பின்னால் இந்த ஊர்க்காரர்கள் உலகம் முழுவதும் வியாபாரிகளாகப் போனதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

இந்த வரலாற்றில் பெயர் தெரிந்த முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. தென் இத்தாலியின் கல்லிப்போலி ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ அமிக்கோ. 1593 முதல் 1597 வரை புனித நாட்டில் இருந்தார். மற்றவர்கள் கண்ணீர் விட்டு மண்டியிட்ட இடங்களில் இவர் அளவுகோலோடு நடந்தார். திருக்கல்லறைக் கோயில், பெத்லகேமின் பிறப்பிட ஆலயம், மற்ற ஆலயங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தரைப்படமும் குறுக்குவெட்டும் வரைந்தார். 1609-இல் ரோமில் நூலாக வந்தது. 1620-இல் ஃபிளாரன்ஸில் வந்த இரண்டாம் பதிப்புக்கு, பிற்காலத்தில் போரின் கொடுமைகளைச் செதுக்கிப் புகழ்பெற்ற ஜாக் கல்லோ செப்புத் தகட்டில் படம் வெட்டினார். அமிக்கோவின் வரைபடங்களும் பெத்லகேம் மாதிரிகளும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. தாளில் இருந்த அளவைத் தச்சர்கள் மரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரே அமைப்பைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பச் செய்த பட்டறைகள், நடுவில் கட்டடத்தில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 1719-இல் மணிக்கூண்டின் மேல்தளங்கள் இடிக்கப்பட்டன. அதற்குப் பிறகு செய்த மாதிரியில் உயரமான கூண்டு நின்றால் அது கண்ணால் கண்ட சாட்சி ஆகாது, அப்பன் வழியாக மகன் கைக்கு வந்த பழக்கம். ஆகவே மாதிரியைப் புகைப்படம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அதற்கு இணையாக மூன்று பரிமாணத்தில் நமக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

இனி, பட்டறைக்குள் போவோம்.

முத்துச்சிப்பியின் வெளிப்பக்கம் அழுக்குப் பிடித்த கரடான தோல். உட்பக்கத்தில்தான் ஒளி. கால்சியம் கார்பனேட்டின் மிக மெல்லிய தகடுகளை அந்தச் சிற்றுயிர் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே புரதப் பசை தடவி, தன் வீட்டைக் கட்டுகிறது. ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அதே அளவில் இருப்பதால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று மோதி, பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளியுமாக மாறி மாறித் தெரிகின்றன. இந்த வண்ண மாற்றத்துக்குக் காரணம் நிறமி அல்ல. இதைச் செதுக்குபவர் இயற்பியல் படிக்காமலே ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பார். அடுக்கின் போக்கோடு வெட்டினால் ஒளி நிற்கும், அடுக்கைக் குறுக்கே அறுத்தால் மங்கும். வளைந்த ஓட்டில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அவருடைய விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஓட்டைத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். பிறகு வெளித்தோலைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுப்பார்கள். இந்த வேலையில் எழும் வெண்தூசு மூச்சுக்குள் போனால் நெஞ்சைக் கெடுக்கும். ஈரத்தோடு தேய்ப்பது தூசைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். பிறகு சிறு ரம்பத்தால் ஓட்டைத் துண்டு போடுவார்கள். தட்டையான பகுதி இழைப்புக்கும் சிலுவைக்கும், தடித்த மூட்டுப் பகுதி மணிக்கும் போகும். மணிக்குத் துளையிட வில் துரப்பணம். வில்லின் நாணைத் துரப்பணத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க, தண்டு சுழன்று துளை விழும். ஒரு செபமாலைக்கு 59 மணிகள். ஒவ்வொன்றும் அறுத்து, உருட்டி, துளைத்து, மெருகேற்றி வர வேண்டும். மணி வேலையில் பெண்களின் கை அதிகம். வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. பெரிய மாதிரிகளைச் செய்த ஆண்களின் பெயரே நமக்கு அரிதாகத்தான் கிடைக்கிறது என்றால், இந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரின் வருமானத்தில் பெரும் பங்கு அந்த மணிகளில்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். மன்னருக்குப் போகும் மாதிரி எப்போதாவது ஒன்று. செபமாலை நாள்தோறும் விற்கும் சரக்கு.

செதுக்கு வேலையில் மூன்று வழிகள் உண்டு. கூரிய உளியால் கோடு கீறி, கீறிய தடத்தில் கறுப்பு மை தேய்த்து நிரப்புவது ஒன்று. தேய்த்ததைத் துடைத்தால் கோடு மட்டும் கறுத்து நிற்கும். பழைய சிலுவைகளில் வரும் புனிதர் உருவங்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது, பின்புலத்தை ஒதுக்கி உருவத்தை மேலே நிறுத்தும் புடைப்புச் செதுக்கல். மூன்றாவதுதான் பார்ப்பவரை வாயடைக்க வைப்பது. பின்புலத்தையே அறுத்து எடுத்துவிட்டு, சரிகைப் பின்னல் போல வெளிச்சம் ஊடுருவும்படி உருவத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். சிப்பி அடுக்கடுக்காய்ப் பிளக்கும் பொருள். ரம்பம் ஒரு முறை தடுமாறினால் பல நாள் வேலை போய்விடும்.

சிப்பி வந்தது செங்கடலிலிருந்து. அங்கே கிடைக்கும் கருவிளிம்புச் சிப்பி தட்டையானது, கையளவு வரும். அதுவே இழைப்பு வேலைக்குப் போதுமானது. ஒட்டிப் பதிக்கும் மரம் ஒலிவம். சிப்பியோடு ஒட்டக எலும்பையும் சேர்த்து இழைத்தார்கள். சிப்பி நிறம் மாறும், எலும்பு மாறாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கோலம் தெளிவாகத் தெரியும். சாக்கடல் பக்கத்தில் கிடைக்கும் தார்க்கலந்த கருங்கல்லையும் இதே கைகள் கிண்ணமாகவும் தட்டாகவும் கடைந்தன. அந்தக் கல் நெருப்பில் போட்டால் எரியும்.

1730-களின் இறுதியில் இங்கே வந்த ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் போக்கோக், பெத்லகேம் கிறிஸ்தவர்கள் சிலுவையும் மணியும் கோயில் மாதிரியும் செய்து பிழைப்பதைக் குறித்திருக்கிறார். 1780-களில் சிரியா முழுவதும் சுற்றிய பிரெஞ்சுக்காரர் வோல்னி இதைப் பக்திப் பொருளாக மட்டும் பார்க்கவில்லை, பொருளாதாரமாகப் பார்த்தார். ஜெருசலேம் வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களோடு முஸ்லிம் குடும்பங்களும் இந்தத் தொழிலில் பிழைப்பதை அவர் எழுதியிருக்கிறார். பெத்லகேமின் சிப்பி என்றால் கிறிஸ்தவர்களின் சொத்து என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் இதே பட்டறைகள் ஜெருசலேமில் முஸ்லிம்கள் போற்றும் பாறைக் குவிமாடத்தின் மாதிரிகளையும் குர்ஆன் வைக்கும் பெட்டிகளையும் செய்தன.

19-ஆம் நூற்றாண்டு எல்லாவற்றையும் மாற்றியது. பெத்லகேம் குகையில் இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் 14 முனை வெள்ளி நட்சத்திரம் 1847-இல் திருடு போனது. அதை யார் திரும்ப வைப்பது என்ற வழக்கில் பிரான்சும் ரஷ்யாவும் உதுமானியப் பேரரசை இருபக்கமும் இழுத்தன. கிரிமியப் போருக்கு இட்டுச் சென்ற சச்சரவுகளில் அதுவும் ஒன்று. ஒரு சிற்றூரின் குகைக்காக வல்லரசுகள் சண்டை போட்டபோது அந்த ஊருக்கு உலகத்தின் கவனம் திரும்பியது. நீராவிக் கப்பல்கள் வந்தன. ரஷ்ய விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1892-இல் யாஃபாவிலிருந்து ஜெருசலேமுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வருகிறவர்கள் எண்ணிக்கை பெருகியது, அவர்களின் பணப்பை சிறுத்தது. மன்னருக்கு ஒரு கோயில் செய்வதைவிட, பாட்டாளி யாத்திரிகருக்கு நூறு சிலுவை செய்வதுதான் இப்போது வியாபாரம்.

மூலப்பொருளும் மாறியது. செங்கடல் சிப்பியோடு கிழக்குக் கடல்களின் வெள்ளிவிளிம்புச் சிப்பியும் வரத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் புரூம் துறைமுகம் அந்தச் சிப்பிக்காகவே எழுந்த ஊர். அங்கே முத்துக்குளித்தவர்கள் தேடியது முத்தைவிட ஓட்டைத்தான், ஏனென்றால் உலகத்தின் சட்டைப் பொத்தான்கள் அதில் செய்யப்பட்டன. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும் இந்தத் தடித்த ஓடு பெத்லகேமில் ஒரு புதிய கலையைத் தந்தது. ஓட்டைத் துண்டு போடாமல் முழுதாகவே வைத்து, நடுவில் பிறப்புக் காட்சி, சுற்றிலும் வட்டங்களில் இயேசு வாழ்வின் நிகழ்வுகள், விளிம்பு முழுக்கக் கொடியும் பூவும் என்று செதுக்கினார்கள். ஸுக்பி குடும்பத்தின் பெயர் இந்தக் காலத்தில் துலங்கி நிற்கிறது. செதுக்கியவர் தன் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் வந்தது. விற்பனையில் இவை பெரும் வெற்றி. ஆனால் என்னைக் கேட்டால், பழைய மாதிரிகளே உயர்ந்த கலை என்பேன். முழு ஓட்டுச் செதுக்கலில் திறமை பளிச்சிடுகிறது, மாதிரியிலோ ஒரு கட்டடத்தையே மனத்துக்குள் பிரித்துப் போட்டுத் திரும்பக் கூட்டிய அறிவு இருக்கிறது.

யாத்திரிகர் வரும் வரை காத்திருப்பானேன், நாமே சரக்கை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1876-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பெத்லகேம் வியாபாரிகள் போனார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் போனார்கள். அங்கே போனவர்களில் ஜுப்ராயில் தப்தூப் என்ற இளம் வணிகரும் ஒருவர். 1860-இல் பெத்லகேமில் பிறந்தவர். அவர் வாழ்க்கையை வரலாற்றாசிரியர் ஜேக்கப் நாரிஸ் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். சிகாகோவுக்கு முன்பே பெத்லகேம் வியாபாரிகள் மணிலாவில் இருந்தார்கள். மணிலா எதற்கு? பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கத்தோலிக்க நாடு. வீட்டுக்கு வீடு செபமாலை வேண்டும். "பெத்லகேமில் செய்தது" என்று சொன்னாலே விலை ஏறும். கத்தோலிக்கர் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் இவர்கள் போனார்கள். பாரிஸ் போனார்கள். மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், கொலம்பியா, பெரு, சிலி என்று லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவினார்கள்.

பட்டறையிலிருந்து வந்த பணம் ஊரில் கல்லாகி நின்றது. ஜெருசலேம்–ஹெப்ரோன் சாலையில் 1910-இல் சுலைமான் ஜாசிர் என்ற வணிகர் கட்டிய மாளிகை அதன் உச்சம். வளைவுகள், தூண்கள், செதுக்கிய கல் முகப்பு என்று எல்லா வகையிலும் அது ஓர் அரண்மனைதான். பின்னாளில் ஆங்கிலேயர் அதைச் சிறையாக்கினார்கள். பிறகு பள்ளிக்கூடம் ஆனது. இப்போது நட்சத்திர விடுதி.

ஆனால் எந்தத் தொழில் ஊரைச் செழிக்க வைத்ததோ அதுவே ஊரைக் காலியும் செய்தது. சரக்கு விற்கப் போனவர்கள் அங்கேயே கடை வைத்தார்கள். செபமாலை விற்ற கடையில் துணி வந்தது, துணிக்கடை ஆலையாக வளர்ந்தது, தம்பியை அழைத்தார்கள், தம்பி மச்சானை அழைத்தான். 1909-இல் உதுமானிய அரசு கிறிஸ்தவ இளைஞர்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கத் தொடங்கியதும் கப்பலேறுபவர் கூட்டம் பெருகியது. முதல் உலகப்போரில் யாத்திரை அறவே நின்றது. 1917-இல் ரஷ்யாவில் புரட்சி வந்து, பட்டறைகளுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்த ரஷ்ய விவசாயி திரும்ப வரவே இல்லை.

அடுத்து வந்த அடியைத்தான் வரலாற்று நூல்கள் போதுமான அளவு பேசுவதில்லை. பாலஸ்தீனத்தை ஆண்ட ஆங்கிலேய அரசு 1925-இல் குடியுரிமை ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. வெளிநாட்டில் இருந்த பாலஸ்தீனர்கள் குடியுரிமை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை அரசு நிராகரித்தது. அந்த விண்ணப்பங்களை அனுப்பியவர்களில் பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சாஹூர் ஊர்க்காரர்கள் மிகுதி. சில ஆண்டு சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவர்கள், சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமையே இல்லாமல் சிலியிலும் ஹோண்டுராஸிலும் நின்றார்கள். அரபு உலகுக்கு வெளியே பாலஸ்தீனர்கள் மிக அதிகமாக வாழும் நாடு இன்று சிலி. 1920-இல் அங்கே தோன்றிய பலஸ்தீனோ கால்பந்துக் கழகம் இன்றும் முதல்தர ஆட்டம் ஆடுகிறது. 2004-இல் எல் சால்வடோரின் அதிபர் தேர்தலில் வலதுசாரிக்காக நின்ற அந்தோனியோ சாக்காவும் இடதுசாரிக்காக நின்ற ஷஃபீக் ஹாந்தாலும் பெத்லகேம் வம்சத்தினர். சாக்கா வென்றார்.

1948 போரில் பெத்லகேமுக்கு அகதிகள் வந்து நிறைந்தார்கள். ஊர் ஜோர்டானின் கையில் இருந்தது. 1967-இல் இஸ்ரேல் ஆக்கிரமித்தது. பட்டறைகளுக்கு மின்மோட்டார் ஏற்கெனவே வந்துவிட்டிருந்ததால் வில் துரப்பணத்தின் காலம் முடிந்திருந்தது. பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சுழல் கருவிதான் இப்போது செதுக்குபவர் கையில். வேலை விரைவாயிற்று. யாத்திரிகர் பேருந்து அரை மணி நேரம் நிற்கும், அதற்குள் விற்கக்கூடிய பொருள்தான் வேண்டும் என்ற நிலையும் கூடவே வந்தது. உளிச்சிற்பம் பதக்கமாகவும் காதணியாகவும் சாவிக்கொத்துச் சிலுவையாகவும் சுருங்கியது. இன்னொரு பக்கம் இறக்குமதியான பிளாஸ்டிக் சுரூபங்கள்.

2000-இல் பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சி (இன்டிஃபாதா) தொடங்கியது. 2002-இல் இஸ்ரேலிய ராணுவம் பிறப்பிட ஆலயத்தை 39 நாள் முற்றுகையிட்டது. அதே ஆண்டில் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவர், பெத்லகேமை ஜெருசலேமிலிருந்து துண்டித்தது. முன்பு ஒரு மணி நேரத்துக்குள் போய்வந்த இடத்துக்கு இப்போது அனுமதிச் சீட்டும் சோதனைச் சாவடியும். மேற்குக் கரைக்குச் சொந்தத் துறைமுகம் கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்தோ பசிபிக் தீவிலிருந்தோ வரும் ஒரு மூட்டை சிப்பி இஸ்ரேலியத் துறைமுகத்தின் சுங்கத்தைக் கடந்துதான் பட்டறைக்கு வர வேண்டும். செய்த பொருளும் அதே வழியில்தான் வெளியே போக வேண்டும். 2020-இல் கொரோனா. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பெத்லகேம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களை ரத்து செய்தது. திருப்பலி மட்டும் நடந்தது. விடுதிகள் காலியாயின. வாங்க ஆளில்லாமல் பட்டறைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரு கைவினைக்குப் போதிய சந்தை இல்லாமல் ஒரு தலைமுறை கழிந்தால் போதும், கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறை வராது. தகப்பன் பட்டறையைப் பூட்டிவிட்டு மகனைக் கட்டட வேலைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதை யாரும் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் சிலர் பதிவு செய்யும் வேலையைச் செய்திருக்கிறார்கள். பிரான்சிஸ்கன் துறவியும் தொல்லியல் அறிஞருமான மிக்கேலே பிச்சிரில்லோ, பாலஸ்தீனக் கைவினைஞர்கள் புனித இடங்களுக்காகச் செய்தவற்றைத் தொகுத்து 2007-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் கொலம்பியாவிலிருந்து, பாலஸ்தீனர்களின் சிப்பிச் செதுக்கலைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு நூல் வந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான என்ரிக்கே யிதி தக்கரேத், கடல் கடந்துபோன பெத்லகேம் குடும்பங்களின் வழிவந்தவர். சொந்த ஊர் திரும்ப முடியாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தாவின் பெட்டியில் இருந்த சிலுவையை வைத்துக்கொண்டு தொழிலின் வரலாற்றைத் தேடத் தொடங்கியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கற்பிக்கும் வேலையும் நிற்கவில்லை. 1863-இல் பாதிரியார் அந்தோனியோ பெல்லோனி அனாதைச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய இல்லம் கைத்தொழில் கற்றுக்கொடுத்தது. 1891-இல் அது சலேசியன் சபையின் கைக்கு வந்தது. சலேசியன்களின் தொழிற்கல்வி பெத்லகேமில் இன்றும் நடக்கிறது. ஒலிவ மரமும் சிப்பியும் செதுக்கும் பயிற்சியும் அதில் உண்டு. பக்கத்து ஊரான பெய்த் சாஹூரில் குடும்பப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. யாத்திரிகர் வராத காலத்தில் வெளிநாட்டுத் திருச்சபைகள் வழியாகவும் தபால் வழியாகவும் அவை சரக்கை அனுப்பிப் பார்க்கின்றன.

அடுத்த இதழில் பெத்லகேமை விட்டு வடக்கே நாப்லுஸ் போகிறோம். ஒலிவ எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றையும் வைத்து ஒரு நகரம் நூற்றாண்டுகளாக எப்படிச் சோப்பு காய்ச்சியது, அந்தச் சோப்புக் கொப்பரைகளைச் சுற்றி எப்படி ஓர் அரசியலே வளர்ந்தது என்பதைப் பார்க்கலாம்.

(தொடரும்)